இரண்டு இலட்சத்துக்குள் லப்டொப்: கடையில் காட்டிய மூன்றில் எதை எடுப்பது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிலுநராகச் சேரப்போகிறாராம், பக்கத்தில் கணக்கியல் பரீட்சைகளும் எழுதுகிறார். கையில் இருப்பது இரண்டு இலட்சம் ரூபா. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மூன்று லப்டொப் காட்டியிருக்கிறார்கள். ஒன்று புத்தம்புதிய 15 அங்குல மலிவு மொடல், ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம். அடுத்தது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற மெல்லிய 14 அங்குலம், மூன்று இலட்சத்து அறுபதாயிரம், கார்ட்டில் தவணை போடலாம். மூன்றாவது பாவித்த கறுப்புத் திங்பாட் டி14, ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். "அண்ணா, புதுசை விட்டுட்டு பழசை எடுன்னு அப்பாட்ட எப்படிச் சொல்றது, உண்மையில எதுதான் நல்லது?" என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கறுப்பு டி14ஐ வடிவாகப் பார்த்து எடுக்க முடியுமென்றால் அதையே எடுங்கள். வடிவாகப் பார்க்காமல் எடுப்பதென்றால் புதியதை எடுப்பது மேல். பதினாலு வருஷமாக லப்டொப் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கடையில் எல்லாரும் புரோசசர் ஸ்டிக்கரைப் பார்க்கிறார்கள், நான் திறந்து பார்க்கிற இடம் வேறு. ஒரு லப்டொப்புக்கு நீங்கள் கொடுக்கிற காசை அதைச் செய்தவன் எதிலே போட்டிருக்கிறான், எதிலே மிச்சம் பிடித்திருக்கிறான் என்று பார்த்தால் மூன்று வகைக்கும் உள்ள வித்தியாசம் தானாக விளங்கிவிடும்.

அதற்கு முன் ஒரு விஷயம். சேரப்போகிற நிறுவனத்தில் லப்டொப் தருவார்களா என்று கேட்டுவிட்டீர்களா? தருகிற இடமும் உண்டு, நீங்களே கொண்டுவாருங்கள் என்கிற இடமும் உண்டு. தருவார்களென்றால் உங்களுக்கு வேண்டியது படிக்கவும் வீட்டு வேலைக்கும் ஒன்றுதான், அப்போது இவ்வளவு காசு போடவே தேவையில்லை.

சரி, மலிவு மொடலுக்கு வருவோம். ஐடியாபாட், விவோபுக், அஸ்பயர், ஹெச்பி 15 என்று வருகிறவை. இவற்றில் காசு போயிருப்பது கடைக்குள் நின்று பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற இடங்களில்: புரோசசர் பெயர், திரையின் அகலம், 512 ஜிபி எஸ்எஸ்டி. மிச்சம் பிடித்திருப்பது உடம்பில், திரை மடிகிற கீலில், திரையின் தரத்தில், பட்டரியில்.

கீலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மேசைக்கு வருகிற மலிவு லப்டொப்களில் பெரிய பங்கு இந்த ஒரு வருத்தத்தோடுதான் வருகிறது. போன கிழமை ஒரு பிள்ளை கொண்டுவந்தது, வாங்கி இரண்டரை வருஷம். வலப்பக்க மூலையில் திரையின் சட்டம் வாய்பிளந்து நிற்கிறது, மூடப்போனால் 'கிரக்' என்று சத்தம். அடிமூடியைக் கழற்றினேன், மிளகளவு பித்தளைக் காய்கள் மூன்று உள்ளே உருண்டு திரிகின்றன. நடப்பது இதுதான்: கீல் இரும்பு, ஆனால் அதைப் பூட்டியிருக்கிற திருகாணிகள் இறங்குவது பிளாஸ்டிக் தூண்களுக்குள் பதித்த அந்தப் பித்தளைக் காய்களில். புதிதில் கீல் இறுக்கமாக இருக்கும், நாமும் எப்போதும் ஒரு மூலையைப் பிடித்துத்தான் திறப்போம், திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்தத் தூணை இழுக்கிறோம். ஒரு நாள் தூண் பொடிந்து காய் கழன்று வந்துவிடும். கழன்ற காய் மதர்போர்டில் போய் விழுந்து ஷோர்ட் ஆனால் கீலோடு முடிய வேண்டிய செலவு முழு லப்டொப்பையும் கொண்டுபோய்விடும். மலிவு மொடலை எடுத்தாலும் சரி, திரையை எப்போதும் மேல் விளிம்பின் நடுவில் பிடித்துத் திறந்து பழகுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்கே கனகாலம் தாங்கும்.

அடுத்தது பெயர் மயக்கம். ரைசன் 5 என்று புரோசசர் ஸ்டிக்கர் இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். 7520யூ என்பதும் 7530யூ என்பதும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான், ஆனால் முதலாவது நான்கு கோர் (புரோசசருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பிரிவுகள்), பழைய ஸென் 2 வடிவமைப்பு. இரண்டாவது ஆறு கோர், ஸென் 3. இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே எந்த வடிவமைப்பு என்பதைச் சொல்வது. 7520யூவில் இன்னொரு சிக்கல், அது ஏற்கிற ரேம், அதாவது திறந்திருக்கிற வேலைகளைத் தாங்குகிற நினைவகம், போர்டிலேயே ஒட்டி வருகிற வகை மட்டும்தான். 8 ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான், பிறகு கூட்ட வழியே இல்லை. விண்டோஸ் 11, குரோமில் பத்துப் பதினைந்து டப், பெரிய எக்செல் கோப்பு, டீம்ஸ் கூட்டம் எல்லாம் ஒன்றாகத் திறந்தால் 8 ஜிபி மூச்சுத்திணறும். உங்கள் வேலைக்கு 16 வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திரையையும் பாருங்கள். மலிவு மொடல்கள் பலவற்றில் 250 நிட்ஸ் வெளிச்சம்தான், நிறமும் வெளிறித்தான் தெரியும். ஜன்னலோரம் இருந்து எக்செல் பார்த்தால் சாம்பல் நிறக் கோடுகள் காணாமல் போய்விடும், பின்னேரத்தில் கண் எரியும். கடைக்குள் விளக்கு மங்கலாக இருப்பதால் அங்கே இது தெரியாது, கேட்டு வெளிச்சமான பக்கம் கொண்டுவந்து பாருங்கள்.

மலிவு மொடலுக்கு உண்மையான பலமும் இரண்டு உண்டு. முழு ஏஜென்ட் வொரண்டியோடு, அதாவது கம்பனியின் உள்ளூர் முகவர் தருகிற வொரண்டியோடு வருகிறது, அது சின்ன விஷயமில்லை. அப்புறம் 15 அங்குலத்தில் வலப்பக்கம் எண் பலகை இருக்கும். கணக்கு வேலைக்காரருக்கு அது கை மாதிரி, 14 அங்குலத்தில் கிடைக்காது. ஆனால் தனியாக ஒரு யூஎஸ்பி எண் பலகை சில ஆயிரத்துக்குள் வாங்கலாம் என்பதால் அதற்காக மட்டும் 15 அங்குலம் எடுக்கத் தேவையில்லை.

மெல்லிய வகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் கணக்குக்கு அது வெளியே. 2008இல் மக்புக் எயார் வந்த பிறகு, 2011இல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்று பெயர் வைத்துத் தள்ளிய பிறகுதான் இது ஒரு வகையாகவே நிலைத்தது. இதிலே காசு போயிருப்பது எடையிலும் திரையிலும் பட்டரியிலும். உலோக உடம்பு, ஒரு கிலோ முதல் ஒன்றேகால் கிலோ, நாள் முழுக்க நிற்கிற பட்டரி. காலையில் காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளில் பையோடு நின்று போகிறவருக்கு, சார்ஜரோடு சேர்த்து இரண்டு கிலோவைத் தாண்டுகிற 15 அங்குலத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே கிழமையில் முதுகில் தெரியும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மெல்லியதாக்குவதற்காக ரேமைப் போர்டிலேயே ஒட்டிவிடுவார்கள், சிலதில் எஸ்எஸ்டியையும். தேத்தண்ணி ஒரு வாய் கீபோர்டில் ஊற்றுப்பட்டால் போவது ஒரு பாகமில்லை, எல்லாம் சேர்ந்த ஒரே போர்ட். அதைத் திருத்தித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு விலை சொல்லும்போது எனக்கே வாய் வராது.

மக்புக் எயார் எம்1 பாவித்தது எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நல்ல மெஷின், விசிறியே இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் சந்தையில் வருவதில் பெரும்பாலானவை 8 ஜிபி, கூட்டவே முடியாது. அதைவிட முக்கியம், மக்கில் ஓடுகிற எக்செலில் பவர் பிவட் (பெரிய தரவுகளைச் சேர்த்துப் பிரித்துப் பார்க்கிற வசதி) கிடையாது. கணக்காய்வில் ஆயிரக்கணக்கான வரிகளை வைத்து வேலை செய்யும்போது அதன் அருமை தெரியும். ஆகவே உங்களுக்கு வேண்டாம். தவணைக்கு மூன்று இலட்சத்து அறுபதாயிரமும் வேண்டாம், பயிலுநர் சம்பளத்தில் மாதாமாதம் அது ஒரு பெரிய துண்டு.

இப்போது கறுப்பு. திங்பாட் 1992இல் ஐபிஎம் தொடங்கியது, 2005இல் லெனோவோ கைக்குப் போனது. இதனோடு ஒரே வரிசையில் நிற்கிறவை டெல் லட்டிடியூட், ஹெச்பி எலைட்புக். இவற்றை வாங்குவது நீங்களும் நானும் இல்லை, ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் வாங்குகிற கம்பனிகள். அந்தக் கம்பனிக்கு ஒரு லப்டொப் பழுதாகி ஒரு ஆள் ஒரு நாள் சும்மா இருந்தால் நட்டம், ஆகவே அவர்கள் கேட்பது அழகில்லை, பழுதாகக் கூடாது, பழுதானால் உடனே திருத்த வேண்டும். காசு போயிருப்பது அங்கேதான். கீல் பூட்டியிருப்பது உறுதியான சட்டத்தில். கீபோர்டில் நீர் ஊற்றுப்பட்டாலும் கொஞ்சம் தாங்கும். அடிமூடியின் திருகாணிகள் தளர்த்தினாலும் மூடியிலேயே தங்கியிருக்கும், தொலையாது. எந்தப் பாகத்தை எந்த ஒழுங்கில் கழற்ற வேண்டும் என்று படத்தோடு முழுக் கையேட்டையும் கம்பனியே இணையத்தில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு திருத்துகிற எனக்கு அதன் மதிப்பு தெரியும்.

இவை மூன்று நான்கு வருஷம் ஓடிய பிறகு கம்பனிகள் மொத்தமாகக் கழிக்கும், அதுதான் வெளிநாடுகளிலிருந்து இங்கே பாவித்ததாக வந்து இறங்குகிறது. புதிதில் மலிவு மொடலைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை போனது மலிவு மொடலுக்கும் குறைந்த விலையில் கிடைப்பதற்குக் காரணம் இதுதான், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அப்பாவுக்கும் இதையே சொல்லுங்கள்.

ஆனால் 'பிஸ்னஸ் லப்டொப்' என்ற பெயரை நம்பிக் கண்ணை மூடக்கூடாது. திங்பாட் ஈ, ஹெச்பி புரோபுக், டெல் வொஸ்ட்ரோ எல்லாம் நடுத்தரம், டி வரிசையின் உறுதியை அதில் எதிர்பார்க்க வேண்டாம். இராணுவத் தர சோதனை செய்தது என்ற ஸ்டிக்கரையும் பெரிதாக எடுக்காதீர்கள், இப்போது சாதாரண விவோபுக்கிலும் அது ஒட்டியிருக்கிறது.

பாவித்ததில் புரோசசரின் தலைமுறைதான் முதல் கேள்வி. ஏழாம் தலைமுறை ஐ5, உதாரணமாக 7200யூ, இரண்டு கோர். எட்டாம் தலைமுறை 8250யூ நான்கு கோர். ஒரே ஒரு படிதான், வேகம் எங்கேயோ. அதோடு விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. 'ஐ5, 16 ஜிபி, எண்பதாயிரம்' என்று ஆறாம், ஏழாம் தலைமுறையைக் காட்டுவார்கள், விலை ஆசைகாட்டும், கணக்கு வேலைக்கு எடுக்காதீர்கள். உங்களுக்குக் காட்டிய டி14 முதல் பதிப்பென்றால் பத்தாம் தலைமுறை, 2020இல் வந்தது. இரண்டாம் பதிப்பென்றால் பதினோராம் தலைமுறை. இரண்டாம் பதிப்பு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எடுங்கள். டி14இல் ஒரு பகுதி ரேம் ஒட்டி வரும், ஒரு இடம் காலியாக விட்டிருப்பார்கள், 8 இருந்தால் அதில் இன்னொரு 8 போட்டு 16 ஆக்கலாம். இரண்டு துண்டாக இருக்கும்போது கிராபிக்ஸும் வேகம் எடுக்கும். லட்டிடியூட் 5420, எலைட்புக் 840 ஜி8 என்றால் இரண்டு ரேமும் கழற்றிப் போடுகிற வகை. ஆனால் திங்பாட் எக்ஸ்1 கார்பன் காட்டினால் கவனம், பிஸ்னஸ் குடும்பம்தான் என்றாலும் மெல்லிய வகை, ரேம் முழுக்க ஒட்டியது.

இனி நான் பட்டது. 2021இல் என் மச்சானுக்கு ஒரு பாவித்த லப்டொப் நானே பார்த்து வாங்கிக்கொடுத்தேன். உடம்பு, திரை, கீபோர்ட் எல்லாம் பார்த்தேன், குறையே இல்லை. இரண்டு மாதம் கழித்து விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றி வைஃபையைக் கொடுத்ததும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் பெயரோடு 'வேலைக் கணக்கால் உள்நுழையவும்' என்று திரை வந்து நிற்கிறது, அதைத் தாண்ட வழியில்லை. பழைய சொந்தக்காரக் கம்பனி அந்த மெஷினைத் தன் கணக்கில் பதிந்துவைத்திருந்து, கழிக்கும்போது நீக்காமல் விட்டிருக்கிறது. இணையம் இல்லாமல் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தால் இது வெளியே தெரியாது, ஏனென்றால் மைக்ரோசொஃப்டின் சேர்வரோடு பேசும்போதுதான் மெஷின் யாருடையது என்று அது கண்டுபிடிக்கும். கடைக்காரரோடு மூன்று கிழமை இழுபட்டு மாற்றி எடுத்தோம். அன்றிலிருந்து யார் பாவித்த பிஸ்னஸ் லப்டொப் எடுத்தாலும் நான் சொல்வது இதுதான்: கடையிலேயே, உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்து, விண்டோஸை ரீசெட் போட்டு முதல் திரையிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு மணித்தியாலம் போகும், போகட்டும். மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். அதே இருப்பில் ஒருமுறை அணைத்துப் போட்டு பயோஸுக்குள்ளும் (விண்டோஸ் ஏற முதல் திறக்கிற அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள், கடவுச்சொல் கேட்டால் வேண்டாம்.

பட்டரியையும் அங்கேயே அளக்கலாம். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடித் திறந்து, பட்டரி ரிப்போர்ட் எடுக்கிற பவர்சிஎஃப்ஜி கட்டளையை (powercfg /batteryreport) ஓட்டினால் ஒரு பக்கம் வரும், கடைக்காரருக்கும் இது தெரிந்திருக்கும். அதில் இரண்டு எண் பாருங்கள்: செய்யும்போது இருந்த கொள்ளளவு, இப்போது முழுச் சார்ஜில் நிற்கிற கொள்ளளவு. டி14க்கு முதலாவது 50,000 மில்லிவாட்மணி அளவில் இருக்கும். இரண்டாவது 38,000 என்றால் நான்கில் மூன்று பங்கு மிச்சம், நல்லது. 25,000 என்றால் புதிய பட்டரிக்கான காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பெயரில்லாத மலிவுப் பட்டரி போட்டுத் தருகிறேன் என்றால் மட்டும் வேண்டாம், உப்பி வந்து டச்பாடைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதைக் கனக்கப் பார்த்திருக்கிறேன்.

மற்றபடி, நோட்பாடைத் திறந்து எல்லா விசையையும் ஒவ்வொன்றாக அமத்துங்கள். ஜப்பானிலிருந்து வந்ததென்றால் கீபோர்டில் ஜப்பானிய எழுத்தும், இடைவெளிப் பட்டை குட்டையாகவும் இருக்கும், அது பழகவே பழகாது. வெள்ளைத் திரை, கறுப்புத் திரை போட்டு, நிறம் மாறாத செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு டைப்-சி வாயிலும் சார்ஜரைச் செருகிக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். அடியில் உள்ள தொடர் எண்ணும் பயோஸில் காட்டுகிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், வேறென்றால் போர்டையோ அடிமூடியையோ மாற்றியிருக்கிறார்கள். பில்லில் அந்தத் தொடர் எண்ணை எழுதுவியுங்கள், கடை வொரண்டி எத்தனை மாதம், அதில் மதர்போர்ட் சேருமா என்றும் எழுத்தில் வாங்குங்கள். காசுக்கு ஒரு விலை, கார்ட்டுக்கு ஒரு விலை சொல்வார்கள். வட் வரி இப்போது 18 சதவீதம், சொல்கிற விலை அதோடு சேர்த்தா இல்லையா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

டைப்-சி சார்ஜிங்கை நான் பெரிதாக எடுப்பதற்கு நம் ஊர்க் காரணமும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம், 2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க இருண்டது. 65 வாட் பவர் பாங்க் ஒன்று இருந்தால் டி14க்கும் போனுக்கும் அதுவே காணும். வட்ட ஊசிச் சார்ஜரோடு வருகிற மலிவு மொடலுக்கு இந்த வசதி கிடைக்காது. மின்னல் காலத்தில், ஒக்டோபர் நவம்பரில், பின்னேரம் இடி கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், எதை வாங்கினாலும்.

மரைன் டிரைவ் பக்கம் வீடென்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடல் காற்றில் உப்பு இருக்கிறது, ஜன்னலோர மேசையில் இரவு முழுக்கத் திறந்து கிடக்கிற லப்டொப்பின் யூஎஸ்பி வாயும் கீல் திருகாணியும் ஒரு வருஷத்திலேயே பச்சை பிடித்து வருகிறதை நான் பார்க்கிறேன். வேலை முடிந்ததும் மூடிப் பைக்குள் வைத்துவிடுங்கள், சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலம் இரண்டை உள்ளே போடுங்கள்.

டி14 இந்தச் சோதனைகளில் ஏதாவது ஒன்றில் விழுந்து, வேறு நல்லதும் கிடைக்காவிட்டால், புதிய மலிவு மொடலுக்குப் போங்கள், பரவாயில்லை. ஆனால் ரேம் கூட்டக்கூடிய மொடலாக இருக்க வேண்டும், வாங்கும்போதே ஏஜென்டைக் கொண்டே 16 ஆக்கிவிட வேண்டும், அப்போதுதான் வொரண்டியில் பேச்சு வராது. பெட்டியில் உள்ளது ஏஜென்ட் வொரண்டியா, கடைக்காரரே கொண்டுவந்து இறக்கிக் கடை வொரண்டி கொடுப்பதா என்பதையும் கேளுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். கடைக்குத் திரும்பப் போகும்போது அந்த டி14இன் அடியில் உள்ள ஸ்டிக்கரையும் பட்டரி ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தையும் போனில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். காசு கொடுக்க முதல் பார்த்துச் சொல்கிறேன்.